நூறு டாலரில் ஊருக்கு மிஞ்சியது எவ்வளவு? ஆஸ்டின் நகரத்து இரண்டு கடைகளின் கணக்கு

உள்ளூர்க் கடையில் வாங்குங்கள் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மனசைத் தொட்டுத்தான் பேசுவார்கள். கடைக்காரருக்கு நம் முகம் தெரியும், போன முறை என்ன வாங்கினோம் என்பது ஞாபகம் இருக்கும், அந்தக் கடை போய்விட்டால் தெருவே களையிழந்துவிடும் என்று. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பேச்சு மாநகராட்சிக் கூட்டத்தில் எடுபடாது. அங்கே காகிதத்தில் ஓர் எண் வேண்டும். அப்படி ஓர் எண்ணைத் தேடிப் போன இரண்டு கடைக்காரர்களின் கதை இது. அவர்கள் கண்டுபிடித்த எண் இருபது வருடங்களுக்கும் மேலாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்களில் பலர் அது எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. எனக்கு எண்ணைவிட அதுதான் சுவாரசியம்.

சந்திப்பில் நடந்தது

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் ஆஸ்டின். அங்கே ஆறாவது தெருவும் லாமார் சாலையும் குறுக்கிடும் இடத்துக்கு அருகே, சாலைக்கு ஒரு பக்கம் புக்பீப்பிள் என்ற புத்தகக் கடை. 1970இல் வேறு பெயரில் சின்னதாகத் தொடங்கி, 1984இல் பெயர் மாற்றிக்கொண்டு, 1995இல் இந்த இடத்துக்கு வந்தது. மறுபக்கம் அப்போது இருந்தது வாட்டர்லூ ரெக்கார்ட்ஸ், 1982இல் தொடங்கிய இசைத்தட்டுக் கடை. ஆஸ்டினுக்கு அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் ஊரின் பெயரே வாட்டர்லூதான். இந்தக் கடையில் ராக் தனி, ஜாஸ் தனி என்று பிரித்து அடுக்க மாட்டார்கள். கலைஞரின் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த வரிசையில் எல்லாம் கலந்து கிடக்கும். தேடி வந்த தட்டுக்குப் பக்கத்திலேயே தேடாத ஒன்று கையில் தட்டுப்படும்.

2002இல் அதே சந்திப்பில் ஒரு டெவலப்பர் வணிக வளாகம் கட்ட முனைந்தார். நகர மையத்தில் கட்டுபவர்களுக்குச் சலுகை தருவது அப்போது மாநகராட்சியின் கொள்கை. அந்த வகையில் இருபது லட்சம் டாலருக்கு மேல் சலுகை பேசப்பட்டது. வளாகத்துக்கு வரவிருந்த பெரிய வாடகைதாரர் பார்டர்ஸ். 1971இல் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய ஒற்றைப் புத்தகக் கடைதான் அதுவும். பிறகு நாடு முழுக்கக் கிளை பரப்பிய சங்கிலி நிறுவனமாகிவிட்டது. புத்தகமும் விற்கும், இசைத்தட்டும் விற்கும். அதாவது சாலையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே போட்டியாளர்.

போட்டி வருவது வியாபாரத்தில் சகஜம். புக்பீப்பிளின் ஸ்டீவ் பெர்க்குவையும் வாட்டர்லூவின் ஜான் கன்ஸையும் உறுத்தியது வேறு. இவர்களும் சேர்ந்து கட்டிய வரிப்பணத்திலிருந்து, இவர்களுக்கு எதிரே வரப்போகிறவனுக்கு இடம் அமைத்துக் கொடுப்பதா?

இரண்டு பேரும் இரண்டு காரியம் செய்தார்கள். ஊரில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்த 'ஆஸ்டின் விசித்திரமாகவே இருக்கட்டும்' என்ற வாசகத்தைக் காரில் ஒட்டும் ஸ்டிக்கராக அடித்துக் கல்லாவில் வைத்து விநியோகித்தார்கள். 2000இல் ஒரு வானொலி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசிய ரெட் வாசெனிக் என்பவர் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை அது. பின்னால் டி-ஷர்ட் விற்கும் ஒரு நிறுவனம் அதற்கு வணிக முத்திரை உரிமை வாங்கிக்கொண்டது வேறு கதை. சரி, ஸ்டிக்கர் அடிப்பது எளிது. இரண்டாவது காரியம்தான் கடினம். தங்கள் வரவு செலவுப் புத்தகத்தை வெளியாட்கள் முன்னால் திறந்து வைத்தார்கள். கடை நடத்தியவர்களுக்குத் தெரியும், சொந்தக்காரர்களிடம்கூட அதைக் காட்ட மனசு வராது.

13, 45

சிவிக் எகனாமிக்ஸ் என்ற ஆய்வு நிறுவனம், லிவபிள் சிட்டி என்ற ஆஸ்டின் அமைப்புக்காக இந்தக் கணக்கைப் போட்டது. உள்ளூர்க் கடைகள் இரண்டுக்கும் அவற்றின் சொந்தக் கணக்கு. பார்டர்ஸ் பங்குச்சந்தையில் இருந்த நிறுவனம் என்பதால், அது வெளியிட்ட கணக்குகளிலிருந்து ஒரு வழக்கமான கிளைக்கு மதிப்பீடு. 2002 டிசம்பரில் அறிக்கை வந்தது. வாடிக்கையாளர் பார்டர்ஸில் நூறு டாலர் செலவழித்தால் ஆஸ்டின் பொருளாதாரத்துக்குக் கிடைக்கும் மொத்தப் பலன் 13 டாலர். அதே நூறு டாலர் உள்ளூர்க் கடைக்குப் போனால் 45 டாலர்.

மூன்று மடங்குக்கும் மேல். இது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் முதலில் நினைக்கிற காரணம் தவறு.

உள்ளூர்க் கடை உள்ளூர்ச் சரக்கை விற்கிறது, அதனால் பணம் ஊரில் தங்குகிறது என்றுதான் தோன்றும். புத்தகக் கடையில் அது நடக்காது. எந்தக் கடையின் அலமாரியில் இருந்தாலும் புத்தகம் வருவது பெரிய பதிப்பகங்களிடமிருந்து. அமெரிக்காவில் பதிப்பாளர் கடைக்காரருக்குத் தரும் கழிவு அட்டை விலையில் ஏறக்குறைய 40 முதல் 46 சதவீதம். அப்படியானால் நூறு டாலருக்கு விற்றதில் ஐம்பத்து நான்கிலிருந்து அறுபது டாலர் வரை அப்போதே ஊரைவிட்டுக் கிளம்பிவிடுகிறது. விற்றவர் பெர்க்குவாக இருந்தாலும் பார்டர்ஸாக இருந்தாலும் இதில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எல்லாம் மிச்சமிருக்கும் நாற்பது சொச்சத்தில்தான்.

அந்த நாற்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கல்லாவில் நிற்பவருக்கும், அலமாரி அடுக்குபவருக்கும் சம்பளம் வேண்டும். இதைச் சங்கிலிக் கடையும் உள்ளூரில்தான் கொடுக்கிறது. எந்த ஊர்க்காரனும் விமானம் ஏறி வந்து பில் போட முடியாது. ஆனால் எந்தப் புத்தகத்தை எத்தனை பிரதி எடுப்பது என்று முடிவு செய்யும் கொள்முதல் ஆள்? சம்பளப் பட்டியல் போடுபவர்? விளம்பரம் வடிவமைப்பவர், வருடக் கடைசியில் கணக்கு முடிக்கும் ஆடிட்டர், கம்ப்யூட்டர் பழுதானால் வருபவர், ஒப்பந்தம் எழுதும் வக்கீல்? பார்டர்ஸில் இந்த வேலைகளின் நடுமையம் ஆன் ஆர்பர் தலைமையகம். நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் சேர்த்து அங்கே ஒரு கூட்டம் இதைச் செய்யும். அதுதான் சங்கிலிக் கடையின் சிக்கனத்துக்கே காரணம். புக்பீப்பிளில் கொள்முதல் ஆள் மாடியில் உட்கார்ந்திருப்பார், ஆடிட்டர் நாலு தெரு தள்ளி இருப்பார். அப்புறம் லாபம். உரிமையாளர் அதே ஊர்க்காரர், வீடு, கார், பல் மருத்துவர் எல்லாம் அங்கேதான். பார்டர்ஸின் லாபம் பங்குதாரர்களுக்கு.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. சங்கிலிக் கடை ஓர் ஊருக்குக் கொண்டுவரும் வேலைகள் பெரும்பாலும் கடைநிலை வேலைகள், கூடவே ஒரு மேலாளர். நடுவிலுள்ள படிகள் தலைமையகத்தில் இருக்கின்றன. தனிக் கடையில் கல்லாவில் சேர்ந்த பெண் ஐந்து வருடத்தில் குழந்தைகள் புத்தகப் பிரிவுக்குக் கொள்முதல் ஆளாக முடியும், ஊரை விட்டுப் போகாமலேயே. 45 என்ற எண்ணுக்குள் இந்த ஏணியும் இருக்கிறது, எண்ணைப் பார்த்தால் தெரியாது.

வாட்டர்லூவில் இன்னொரு வழியும் உண்டு. ஆஸ்டின் பாட்டுக்காரர்கள் நிறைந்த ஊர். உள்ளூர்க் குழுக்கள் தாங்களே பதிவு செய்த தட்டுகளை அந்தக் கடை எடுத்து விற்கும், கடைக்குள்ளேயே இலவசக் கச்சேரியும் நடக்கும். அந்தத் தட்டு விற்றால் சரக்கின் விலையும் ஊருக்குள்ளேயே தங்கும். ஓர் ஊருக்காக மட்டும் பத்துத் தட்டு வாங்குவது தலைமையகத்தில் உட்கார்ந்து ஆர்டர் போடுபவருக்குத் தலைவலி. நடைமுறைப்படி அது நடக்காது.

சுற்றிச் சுற்றி வரும் பணம்

இந்த வகை ஆய்வுகளுக்கு அடியில் இருப்பது பழைய யோசனை. பொருளியலாளர் ரிச்சர்ட் கான் 1931இல் எழுதிய கட்டுரையில் வேலைவாய்ப்பைப் பற்றிச் சொன்னதைப் பின்னர் கீன்ஸ் எடுத்து வளர்த்தார். பெருக்கி விளைவு என்பார்கள். ஒருவரின் செலவு இன்னொருவரின் வருமானம், அவர் அதில் ஒரு பகுதியைச் செலவழித்தால் அது மூன்றாமவரின் வருமானம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம், இது என்னுடையது, ஆஸ்டின் அறிக்கையில் உள்ளது அல்ல. ஒவ்வொரு கை மாறும்போதும் 40 சதவீதம் ஊருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, பிறகு 40, பிறகு 16, பிறகு 6.40, தேய்ந்து தேய்ந்து மொத்தம் 167 டாலர் அளவுக்கு ஊருக்குள் பரிமாற்றம் நடக்கும். 20 சதவீதம்தான் நிற்கிறது என்றால் 100, 20, 4, 0.80 என்று 125இல் நின்றுவிடும். நான்காவது கைக்குப் போகும்போதே காற்று இறங்கிவிடுகிறது. லண்டனின் நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் இதே காலத்தில் ஓட்டை வாளி உவமையைப் பிரபலமாக்கியது. முதல் மூன்று சுற்றை மட்டும் அளந்தால் போதும் என்று ஒரு எளிய முறையையும் அது வகுத்தது. வாளியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதைவிட ஓட்டை எங்கே என்று பார் என்பது அதன் சாரம். நல்ல உவமை. ஆனால் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் வெளியிலிருந்து புத்தகமே வராது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அறிக்கையில் ஒரு கவர்ச்சியான வரி இருந்தது. ஆஸ்டின் அமைந்திருக்கும் டிராவிஸ் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஒவ்வொரு குடும்பமும் பண்டிகைச் செலவில் நூறே நூறு டாலரைச் சங்கிலிக் கடையிலிருந்து உள்ளூர்க் கடைக்கு மாற்றினால், ஊருக்குக் கூடுதலாகச் சுமார் ஒரு கோடி டாலர் பலன் கிடைக்கும். விளம்பர வாசகம்போல இருக்கிறதே என்று நான் கணக்கைச் சரிபார்த்தேன். 2000 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் கவுண்டியில் சுமார் 3.2 லட்சம் குடும்பங்கள். 45இல் 13 போனால் 32. பெருக்கினால் ஒரு கோடியே இரண்டு லட்சம் சொச்சம். கணக்கு சரிதான். 13ஐயும் 45ஐயும் ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

ஒப்புக்கொள்ளலாமா?

முழுசாக இல்லை. மூன்று இடத்தில் தயக்கம்.

முதலாவது, அளந்தவை இரண்டே கடைகள், அவையும் இந்த விவகாரத்தில் ஒரு தரப்பு. ஆய்வை ஏற்பாடு செய்த அமைப்பும் நடுநிலைப் பார்வையாளர் அல்ல. இதனால் எண் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு போய் மருந்துக் கடைக்கும் இரும்புக் கடைக்கும் பொருத்துவது சரியல்ல. அதே சிவிக் எகனாமிக்ஸ் 2004இல் சிகாகோவின் ஆண்டர்சன்வில் பகுதியில் பத்து உள்ளூர் வணிகங்களை, உணவகங்களும் சேவைக் கடைகளும் உட்பட, சங்கிலி நிறுவனங்களோடு ஒப்பிட்டது. நூறு டாலருக்கு உள்ளூர் 68, சங்கிலி 43. இடைவெளி இருக்கிறது, ஆனால் மூன்று மடங்கு இல்லை. உணவகத்தில் செலவின் பெரும்பங்கு சமைப்பவர், பரிமாறுபவரின் சம்பளம். அதைச் சங்கிலியும் ஊரில்தான் தர வேண்டும், அதனால் சங்கிலியின் எண் மேலே ஏறிவிடுகிறது. அந்த ஆய்வில் இன்னொரு அளவு எனக்குப் பிடித்தது. கடை எடுத்துக்கொள்ளும் இடத்தின் ஒரு சதுர அடிக்கு உள்ளூர்க் கடை தரும் பலன் 179 டாலர், சங்கிலிக் கடை தருவது 105. மாநகராட்சிக்கு உண்மையில் பற்றாக்குறையாக இருப்பது இடம்தானே, அதனால் சலுகை கேட்டு வருபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பேன்.

இரண்டாவது தயக்கம் விலை. சங்கிலிக் கடை மலிவாக விற்றால்? நூறு டாலர் புத்தகங்களை எண்பதுக்குத் தருகிறது என்போம். 80 டாலரில் 13 சதவீதம் பத்து டாலர் நாற்பது சென்ட். மிச்சமான 20ஐ வாடிக்கையாளர் வேறொரு உள்ளூர்க் கடையில் செலவழித்தால் அதில் 45 சதவீதமாக 9 டாலர். மொத்தம் 19.40. ஊரின் கணக்கில் இன்னும் 45க்கு வெகு தூரம். ஆனால் அந்த வாடிக்கையாளர் வீட்டில் இருபது டாலர் பொருள் கூடுதலாக இருக்கிறது. இந்த ஆய்வு முறை அந்த இருபது டாலரைப் பார்ப்பதே இல்லை. கை இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல, அவர்களிடம் போய் ஊர்ப் பொருளாதாரம் பேசுவது அபத்தம். சலுகை கேட்டு வரும் டெவலப்பரிடம் பேசுவது வேறு. ஆஸ்டின் கடைக்காரர்கள் கணக்கைக் காட்டியது முதலில் மாநகராட்சிக்குத்தான்.

மூன்றாவது தயக்கம்: ஆஸ்டினிலிருந்து கசிவது ஆன் ஆர்பரில் வந்து விழுகிறது. நாடு முழுக்கக் கூட்டினால் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துவிடும். அது உண்மை. ஆனால் நகர மன்றத்துக்கு நாடு முழுவதின் கணக்கு பார்க்கும் பொறுப்பு இல்லை; அதன் பாலங்களும் நூலகங்களும் ஊருக்குள் நடக்கும் வியாபாரத்தை நம்பித்தான் இருக்கின்றன. ஆஸ்டினில் விற்பனை வரி 8.25 சதவீதம். அதில் 6.25 மாநிலத்துக்கு, மீதி 2 மாநகராட்சிக்கும் பஸ் போக்குவரத்துக்கும். இதைச் சங்கிலிக் கடையும் வசூலித்துக் கட்டியது, தனிக் கடையும் கட்டியது. அமேசான் டெக்சாஸில் வசூலிக்கத் தொடங்கியது 2012 ஜூலையில்தான். அதுவரை எதிர்க்கடைக்கும் இவர்களுக்கும் ஒரே விதி, இணையக் கடைக்கு மட்டும் எட்டு சதவீதம் முன்தொடக்கம்.

பிறகு

2003இல் பார்டர்ஸ் அந்தச் சந்திப்புக்கு வரும் திட்டத்தைக் கைவிட்டது. அறிக்கைதான் விரட்டியது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஒரு நிறுவனம் ஓரிடத்துக்கு வராமல் போக ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் அந்த எண் மற்ற ஊர்களுக்குப் பயணப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

பார்டர்ஸின் முடிவு வேறு விதமாக வந்தது. 2001இல் தன் இணைய விற்பனையை அமேசானிடமே ஒப்படைத்திருந்தது, இன்று நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். 2011 பிப்ரவரியில் திவால் பாதுகாப்பு கேட்டது. ஜூலையில் மொத்தமாக மூடுவது என்று தீர்மானமானது. மிச்சமிருந்த 399 கடைகள், சுமார் 10,700 பேரின் வேலை, செப்டம்பருக்குள் எல்லாம் போயிற்று. அந்த 399 கடைகளில் நன்றாக ஓடிய கடைகளும் இருந்திருக்கும். சங்கிலியின் பலம் எதுவோ அதுவே அங்கே ஆபத்தாகத் திரும்பியது. தனிக் கடைகளும் சாகின்றன, நிறையவே. ஆனால் ஒரு கடையின் தப்புக்கு ஒரு கடைதான் சாகும்.

தனிப் புத்தகக் கடைகள் அதற்குப் பிறகு எழுந்து நின்றது பலர் எதிர்பார்க்காதது. அமெரிக்கப் புத்தக விற்பனையாளர் சங்கத்தின் கணக்கில் 2009இல் 1,651 தனிக் கடைகள், 2018இல் 2,470. ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதல். இதை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ரயன் ரஃபெல்லி, அக்கம்பக்கத்தோடு உறவு, தேர்ந்தெடுத்துத் தருவது, ஆட்களைக் கூட்டுவது என்று மூன்று காரணம் சொன்னார். மூன்றும் ஆன் ஆர்பரிலிருந்து செய்ய முடியாத காரியங்கள். ஸ்டீவ் பெர்க்கு பின்னால் அந்தச் சங்கத்துக்கே தலைவரானார்.

அதே சந்திப்பில் இன்னொரு கடையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை. ஹோல் ஃபுட்ஸ் 1980இல் ஆஸ்டினில் திறந்த ஒற்றை மளிகைக் கடை. கிளை விட்டு, நாடு முழுக்கப் பரவி, 2005இல் ஆறாவது தெரு - லாமார் சந்திப்பில் தலைமையகத்தோடு சேர்த்துப் பிரம்மாண்டமான கடையைத் திறந்தது. கொள்முதல் ஆள், ஆடிட்டர், விளம்பரக் குழு என்று நாம் மேலே எண்ணிய வேலைகள் இந்த முறை ஆஸ்டினில். வேறு நூற்றுக்கணக்கான ஊர்களின் வாளியிலிருந்து கசிந்த தண்ணீர் இங்கே வந்து நிரம்பியது. எதிர்ப் பக்கத்தில் ஸ்டிக்கர் அடித்துப் போராடிய ஊரே மற்ற ஊர்களுக்கு ஆன் ஆர்பராக இருந்தது. 2017இல் அமேசான் 1,370 கோடி டாலருக்கு ஹோல் ஃபுட்ஸை வாங்கியது. கடை அதே இடத்தில்தான் நின்றது, அதே தக்காளி, கல்லாவில் அதே ஆட்கள். சிவிக் எகனாமிக்ஸ் 2016இலும் 2018இலும் வந்து அதே முறையில் அளந்திருந்தால், இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்திருக்காது.